அமுங்கியே கிடந்த பொத்தான்

வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பியூஸ் என்றுதான் அழைப்பார்கள். வண்டியின் பியூஸ் போனால் வண்டி தப்பிக்கும். இந்தப் பியூஸ் போனால் எதிரில் நிற்பவன் தப்பிக்கமாட்டான். நாற்பத்துமூன்று வயதுக்குள் மூன்று இடங்களில் வேலை போயிற்று. முதல் முதலாளிக்கு மூக்கு உடைந்தது. அடுத்த இடத்தில் ஒடுக்கு எடுக்கும் டிங்கர்காரர் ஒருவருக்கு விலா எலும்பு. மூன்றாவது இடத்தில் நடந்ததை அவரே வெளியே சொல்வதில்லை. இப்போது இருப்பது சொந்தப் பட்டறை. துரத்த ஆள் இல்லாததால் எட்டு வருஷமாக நிலைத்துவிட்டார்.

ஒயரிடம் மட்டும் அப்படி ஒரு பொறுமை. சிக்கிக் கிடக்கும் ஒயர்க் கட்டை அரை நாள் உட்கார்ந்து பிரிப்பார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவருக்குப் புத்திக்குக் குறைச்சலே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எல்லாம் தெரிந்தேதான் அடிப்பார்.

அவர் கை ஓங்காத ஒரே ஆண் தங்கையின் புருஷன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் குனிந்துதான் போக வேண்டும் என்று அவராகவே வைத்துக்கொண்ட சட்டம். மாப்பிள்ளை வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.

அன்று காலை லாரிக்காரன் ஒருவனைக் கன்னத்தில் அறைந்து அனுப்பிய சூடு ஆறுவதற்குள் மாப்பிள்ளை காரோடு வந்தான்.

"மச்சான், குரூஸ் வேலை செய்யல. ஒரு மாசமாச்சு. நெடுந்தூரம் போனா கால் வலிக்குது."

காலை எடுத்துவிட்டாலும் காரை ஒரே வேகத்தில் தானாக ஓட வைக்கும் வசதி அது. பியூஸ் வழக்கம்போல் பின்னாலிருந்து ஆரம்பித்தார். பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பின்பக்கம் போய்ச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். மிதித்தால் எரிந்தது, விட்டால் அணைந்தது. பிரேக் சுவிட்ச் கெட்டிருந்தால் வண்டி எப்போதும் பிரேக் போட்டதாக நினைத்துக்கொண்டு குரூஸை விடாது. இங்கே அது இல்லை. பியூஸ்களும் சரியாக இருந்தன. கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கில் இருக்கும் குரூஸ் பொத்தானை யாரோ விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பதாக அது சொன்னது. யாரும் தொடவில்லை.

"பொத்தான் மாட்டிக்கிட்டிருக்கு மாப்பிள்ளை. ஸ்டியரிங்கைப் பிரிக்கணும்."

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தார். மோதினால் ஸ்டியரிங்கிலிருந்து விரியும் காற்றுப்பையில் மிச்சக் கரண்ட் இருந்தால் மூஞ்சியில் வெடிக்கும். மாப்பிள்ளை கைப்பேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். காற்றுப்பையை இறக்கி, பொத்தான் தகட்டைக் கழற்றினார். ஒரு மூலை உள்வாங்கி விரிசல் விட்டிருந்தது. விரிசலில் கறுத்துக் காய்ந்த ரத்தம். பொத்தானை எழும்பவிடாமல் இடுக்கில் வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. ஊசியால் நெம்பினார். உள்ளங்கையில் விழுந்தது பாதிப் பல்.

போன மாதம் தங்கைக்கு முன்பல் உடைந்திருந்தது. படிக்கட்டில் விழுந்தேன் என்றாள். இவரும் பார்த்து நடக்கக் கூடாதா என்று திட்டிவிட்டு வந்தார்.

"மாப்பிள்ளை, இது யாரு பல்லு?"

அவன் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது. "அவ ஓட்டிப் பாத்தா மச்சான். சடன் பிரேக் போட்டா, மோதிக்கிட்டா."

"அவளுக்கு வண்டி ஓட்டவே தெரியாதே."

முதல் குத்தில் அவன் கதவில் சாய்ந்தான். தலைமுடியைப் பிடித்து உள்ளே இழுத்து அந்த ஸ்டியரிங்கிலேயே மோதினார். ஒரு முறை, இரண்டு முறை. பிரித்துப் போட்டிருந்த இரும்பு விளிம்பு நெற்றியைக் கிழித்தது. அவன் அலறியது தெருமுனைக்குக் கேட்டிருக்கும். கீழே தள்ளி விலாவில் மிதித்தார். பக்கத்துப் பட்டறைப் பெயிண்டர் ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவருக்கும் வாயில் ஒன்று விழுந்தது. பிறகுதான் பியூஸின் கை நின்றது. எத்தனையோ பேரை அடித்தவருக்கு அன்றைக்குத்தான் அடித்தது நியாயமாகப் பட்டது. அந்தச் சந்தோஷத்தை அவர் மறைக்கவில்லை, முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பெயிண்டர் ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, பியூஸ் ரத்தம் தெறித்த அதே சட்டையோடு தங்கை வீட்டுக்குப் போனார். அவளை அழைத்து வந்துவிட்டால் போதும், போலீஸ் வந்தால் வரட்டும்.

அவள் கதவைத் திறந்தாள். சட்டையைப் பார்த்தாள்.

"செத்துட்டாரா?"

"இல்ல. கிளம்பு. நம்ம வீட்டுக்குப் போலாம்."

அவள் உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தாள். அதை வாங்கிக்கொள்ள அவர் கையை நீட்டினார். அவள் சட்டென்று முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். நீட்டிய கையை அவர் கீழே இறக்கிக்கொண்டார்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றார்.

"மூணு தடவை சொல்ல வந்தேன் அண்ணே. பட்டறை வாசல் வரைக்கும் வந்தேன். ஒரு தடவை ஒருத்தனைக் கீழ தள்ளி மிதிச்சுக்கிட்டிருந்தே. ஒரு தடவை ஸ்பேனரைத் தூக்கி யார் மேலயோ எறிஞ்சே. மூணாவது தடவை உன் சத்தம் தெருவுலேயே கேட்டுச்சு. திரும்பிட்டேன்."

"அதெல்லாம் வேத்து ஆளுங்க. உன்னை நான் என்னைக்காவது தொட்டிருக்கேனா?"

"என்கூட வேலை பாக்கறவ வீட்டுக்குப் போறேன். அவகிட்ட முன்னாடியே கேட்டு வெச்சிருக்கேன்." பையைத் தோளில் மாட்டினாள். "உன் வீட்டுக்கு வரல. அண்ணி கையில போன வாரம் கட்டுப் போட்டிருந்தாங்களே, அது எப்படி ஆச்சு அண்ணே?"

பியூஸுக்குப் பதில் தெரியும். அவர் கை எட்டாத தூரத்தில் சுவர் ஓரமாக ஒதுங்கி, தங்கை படியிறங்கிப் போனாள்.