மூன்றாம் மாடி சிங்க்

குழாய் வேலை பார்க்கிற அவரை எல்லோரும் சொட்டண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே சொட்டினாலும் நிறுத்திவிடுவார் என்பதால் வந்த பெயர். மனைவி போய் ஒன்பது வருடம். மகளும் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுப்பது பழகிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மூன்றாம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. அச்சகத்தில் பிழை திருத்துபவர், தனியாக இருப்பவர். கட்டடத்தில் அவருக்குப் பெயர் புரூஃப் மேடம்.

"சிங்க் ஆடுதுங்க. கீழ அலமாரியெல்லாம் ஈரம்."

சொட்டண்ணன் அலமாரிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தார். சிங்க்கை மேடையோடு பிடித்திருந்த நான்கு கிளிப்பில் இரண்டு கழன்று தொங்கின. சிங்க்கைத் தூக்கி, பூசணம் பிடித்த பழைய சிலிக்கான் பசையைப் பிளேடால் சுரண்டினார். விளிம்பைத் துடைத்துக் காயவைத்து, புதுப் பசையை ஒரே கோடாக இழுத்து, சிங்க்கை உட்காரவைத்து, கிளிப்புகளை மாறி மாறி முடுக்கினார். பிதுங்கியதை ஈர விரலால் வழித்தார்.

பசைக் குழாயின் மேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்த மேடம் சிரித்துவிட்டார்.

"பாருங்க, ஒரு நாள் முழுக்க உளற விடணுமாம்."

'உலர' என்பது 'உளற' என்று அச்சாகியிருந்தது.

"அப்போ நாளை வரைக்கும் சிங்க் பேசிக்கிட்டே இருக்கும், காதப் பொத்திக்கோங்க" என்றார் சொட்டண்ணன். வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசி எத்தனை காலம் ஆகியிருந்தது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

குளியலறையிலிருந்து தண்ணீர் பிடித்துவந்து மேடம் டீ போட்டார். இருவரும் நின்றபடியே குடித்தார்கள். படியிறங்கும்போது சொட்டண்ணனுக்கு எதையோ விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது. பையைத் திறந்து பார்த்தார், எல்லாம் இருந்தது.

வேலை சுத்தம் என்பதுதான் வம்பாகப் போயிற்று. அரைகுறையாகச் செய்திருந்தால் பத்து நாளில் கூப்பிட்டிருப்பார் என்று ஒரு நினைப்பு வந்தது, வெட்கமாகிவிட்டது. நாலு மாதம் அந்தத் தெரு வழியாகவே சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையில்லாமல், மாடியேறினார்.

"ஒட்டு பிடிச்சிருக்கான்னு பாக்க வந்தேன்."

"ஒரு சொட்டு இல்லைங்க. உள்ள வாங்க."

கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். கண் மங்கிவிட்டது, அச்சக வேலையை விட்டாயிற்று, வியாழக்கிழமை தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றார் மேடம். சொட்டண்ணன் சமையலறைக்குப் போய் சிங்க் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

"அங்க ஏதாவது சொட்டினா போன் பண்ணுங்க. வந்துடறேன்."

"பஸ்ல ஒன்பது மணி நேரமாச்சே."

"பரவால்லைங்க."

மேடம் மெதுவாகக் கேட்டார்: "சொட்டலன்னா பண்ணக் கூடாதா?"

சொட்டண்ணனுக்கு "பண்ணுங்க" என்று சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. மதியம்வரை இருந்து பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் கை நிறையப் பசை இருந்தாலும், போன் அடித்தால் இரண்டு விரலால் எடுத்துவிடுகிறார். பெரும்பாலும் வேறு யாராவதுதான். ஞாயிறு காலையில் மட்டும் மேடம். மழை, கண் சொட்டு மருந்து, தம்பி பிள்ளைகளின் சேட்டை என்று பேச்சு நீளும். எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் இதுவரை இருவருமே கேட்டதில்லை.