நின்றபடி குடித்த காப்பி

நெகோடினோ என்ற ஊரில் பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவரும் நர்ஸ் ஸ்பாசியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சுகாதார நிலையம், தீயணைப்பு நிலையம், போலீஸ், பாலர் பள்ளி எல்லாம் கைகோத்து, பிள்ளைகள் மேல் அடியும் சூடும் படாமல் காக்க ஒரு குழு அமைத்தபோது, பேசுவதற்கு அவளைத்தான் பிடித்துப் போட்டார்கள்.

முதல் வீடு பிளாகித்ஸாவுடையது. குழுவே திரண்டு போனது. வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காவிட்டால் அந்த ஊரில் மானம் போய்விடும். பூப்பின்னல் விரித்த தாழ்ந்த மேசைக்குக் கொதிக்கக் கொதிக்கக் காப்பி வந்தது. மரக்கரண்டி கிண்டுவதற்குத்தான், பிள்ளை முதுகுக்கு அல்ல என்று தொடங்கிய ஸ்பாசியா, வெந்நீர்க் காயத்துக்கு வந்ததும் பேச்சு மும்முரத்தில் தன் கோப்பையை மேசை விளிம்பில் வைத்தாள். பிளாகித்ஸாவின் குட்டி மகன் இல்ச்சோ தத்தி வந்து விரிப்பைப் பிடித்து இழுத்தான். தாய் பாய்ந்து கையை நீட்டினாள். காப்பி முழுவதும் அந்தக் கையில். தீயணைப்பு வீரர் திராய்ச்சே அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

ஸ்பாசியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாளிலிருந்து எந்த வீட்டிலும் காப்பியைத் தொடவில்லை. ஊர் சும்மா இருக்குமா? நம் வீட்டில் கை நனைக்க மாட்டாளாம், நம் பிள்ளையை மட்டும் தூக்குவாளாம் என்று முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டது. உள்ளே விடாத வீட்டில் எந்தப் பிள்ளையை அவள் காப்பாற்றுவது?

வேறு வழியின்றி மீண்டும் பிளாகித்ஸாவின் கதவைத் தட்டினாள். கட்டுப் போட்ட கையோடு அவள் காப்பி வைத்தாள். ஸ்பாசியா உட்காராமல் அடுப்படிக்கே போய், பிள்ளை கைக்கு எட்டாமல் நின்றபடி கோப்பையை வாங்கிக் குடித்தாள்.

"உக்காருங்க சிஸ்டர். நின்னுக்கிட்டு குடிச்சா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உன் கையப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரல."

ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. ஆனால் கதவுகள் திறந்தன. குழுவில் இருந்த போலீஸ்காரரும் தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்று குடிக்கப் பழகினார். மெல்ல மெல்ல, பிள்ளை இருக்கும் வீடுகளில் அதுவே மரியாதை என்றாகிவிட்டது.

சில வருடம் கழித்து பிளாகித்ஸாவுக்கு ஒரு பெண் பிறந்து, தவழவும் தொடங்கியது. பார்க்க வந்த ஸ்பாசியா, மேடேறிய களைப்பில் தன்னை மறந்து சோபாவில் சாய்ந்தாள். உள்ளே காப்பி கொதிக்கும் வாசனை வந்தது. இல்ச்சோ இடுப்பில் கை வைத்து எதிரே வந்து நின்றான்.

"எந்திரிங்க சிஸ்டர். எங்க வீட்ல பாப்பா இருக்கு."

முழங்கால் முனகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் எழுந்து அடுப்படிக்கு நடந்தாள்.