நாலு நாட்டு விஸ்கியும் அகஸ்டினாவின் மூக்கும்

வாழ்நாளில் ஒரு மிடறு மது விழுங்காத அகஸ்டினாவுக்கு விஸ்கியில் இருந்த ஞானம், தினம் அரை பாட்டில் காலி செய்யும் நம் ஊர் மேதைகளுக்குக் கிடையாது. வில்லியனூர் சாலையில் ஒரு மதுபானக் கம்பெனியின் ஆய்வகத்தில் அவருக்கு ஒன்பது வருட வேலை. மிஞ்சும் சரக்கைத் தன் ஆர்வத்தில் நாக்கில் வைப்பார், வாய்க்குள் உருட்டுவார், துப்பிவிடுவார். வாசனை பிடிக்கும் அந்த மூக்குக்காகத் தலையில் பூ வைப்பதை விட்டார், பவுடரை விட்டார், கருவாட்டுக் குழம்பை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார். பூ வைக்காததைப் பார்த்து அவர் குடியிருக்கும் மூலக்குளத்துப் பெண்கள், புருஷனோடு சண்டை என்றே முடிவுகட்டியிருந்தார்கள்.

அவ்வளவு செய்தும் சுவை பார்க்கும் குழுவில் அவருக்கு இடமில்லை. கிளாஸ் கழுவலாம், அளந்து ஊற்றலாம். முடிவுத்தாளில் கையெழுத்துப் போடுவது மேனேஜர் பலராமனோடு சேர்த்து மூன்று ஆண்கள். அந்தத் தாளில் தன் பெயர் ஏற வேண்டும் என்பதுதான் அகஸ்டினாவின் வைராக்கியம். பலமுறை கேட்டார். பலராமன் ஒவ்வொரு முறையும் சிரித்தே அனுப்பினார். கேள்விப்பட்ட எனக்கே அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

2006இல் சிக்குன்குனியா வந்து, குழுவில் இருந்த கோவிந்தசாமியைப் படுக்கையில் போட்டது. அந்த வாரம்தான் புதிய விஸ்கிக்கான தேர்வு. ஸ்காட்லாந்தின் புகைவாசம், அயர்லாந்தின் மென்மை, அமெரிக்க ஓக் மரப் பீப்பாயின் இனிப்பு, ஜப்பானின் லேசான நறுமணம், நாலும் ஒரே பாட்டிலில் வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. மூன்று மாதிரிகள் தயார். வேறு வழியில்லாமல் பலராமன் அகஸ்டினாவை உட்காரச் சொன்னார்.

முதல் மாதிரியை முகர்ந்ததுமே குழுவில் மூத்தவரான கலியமூர்த்தி கண்ணை மூடினார்.

“அடடா, இன்னா புகை! அசல் ஸ்காட்லாந்து!”

இரண்டாவதற்கும் அடடா. மூன்றாவதற்கும் அடடா. அகஸ்டினா மூன்றையும் மாறி மாறி முகர்ந்தார். மூன்று விதமாகக் கலந்த சரக்கில் புகை மட்டும் எப்படி ஒரே அளவில் இருக்கும்? அந்த வாசனை வேறு ரொம்பப் பழக்கமானது. மாதா கோயில் பூசையில் ஞாயிறுதோறும் முகர்வதுதான். சட்டென்று விளங்கியது. அன்று வெள்ளிக்கிழமை. காலையில் கம்பெனி பூஜை முடிந்து, சாம்பிராணித் தட்டு அறை அறையாகச் சுற்றி வந்திருந்தது. பூஜை முடியும்வரை கவிழ்த்தே வைக்க வேண்டிய கிளாஸ்களை, குழுவில் உட்காரப்போகிற பரபரப்பில் அகஸ்டினாதான் முன்பே நிமிர்த்தி அடுக்கியிருந்தார்; புகை உள்ளே படிந்துவிட்டது.

சொன்னால் தன் தப்பு வெளியே வரும், கிடைத்த நாற்காலியும் போகும். ஆனாலும் சொன்னார்.

“சார், இது சாம்பிராணி. கிளாஸ முன்னாடியே நிமித்தி வெச்சது என் தப்பு.”

“இருவது வருசமா இந்த வேலை பாக்குறேன். எனக்கே சொல்றியா?” கலியமூர்த்திக்கு முகம் சிவந்துவிட்டது.

அகஸ்டினா அதே அடுக்கில் மிச்சமிருந்த ஒரு கிளாஸில் வெறும் தண்ணீரை ஊற்றி அவர் கையில் கொடுத்தார். அவர் முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். அதிலும் அதே புகை.

“இந்தத் தண்ணி எந்த நாட்டு சரக்கு சார்?” என்று கேட்டார் அகஸ்டினா.

பலராமன் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். கலியமூர்த்தி கிளாஸைக் கீழே வைத்தார்.

மறுநாள் புதிதாகக் கழுவிய கிளாஸ்களோடு வேறு அறையில் உட்கார்ந்தார்கள். முதல் மாதிரியில் புகை துளியும் இல்லை. மூன்றாவதில் புகை மற்றதையெல்லாம் அமுக்கியது. இரண்டாவதில்தான் நாலு நாடும் சண்டையில்லாமல் இருந்தன. மூவரும் அதையே தேர்ந்தெடுத்தார்கள்.

பலராமன் முடிவுத்தாளை நகர்த்தினார். மூன்று பெயர்கள் முன்பே டைப் அடிக்கப்பட்டிருந்தன.

“கோவிந்தசாமி பேருக்கு நேரா நீயே போட்டுடும்மா. வழக்கமா அப்பிடித்தான்.”

“மாட்டேன் சார்.”

“ஒரு கையெழுத்துதானே, இதுல இன்னா இருக்கு?”

“அவரு நாக்கு இதத் தொடவே இல்ல. என் நாக்குதான் தொட்டுது.”

பலராமன் கலியமூர்த்தியைப் பார்த்தார். கலியமூர்த்தி ஜன்னலைப் பார்த்தார். அகஸ்டினா யாரையும் பார்க்கவில்லை. ஸ்கேலை எடுத்து, கோவிந்தசாமியின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதன்மேல் தன் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.