அண்ணன் பார்த்துக் கொடுத்த தீவு

செப்டம்பர் மாதம் வேலைக்குத் திரும்பியதும் மிரேய் முதலில் செய்கிற காரியம், தன் கையை என் கையோடு ஒட்டி வைத்துப் பார்ப்பதுதான். பாரிஸுக்கு வெளியே ஒரு பல் மருத்துவரிடம் நாங்கள் இருவரும் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறோம். அவள் ஆகஸ்ட் முழுக்க ஏதாவது ஒரு கடற்கரையில் எண்ணெய் பூசிக்கொண்டு, முன்பக்கம் பின்பக்கம் என்று திருப்பித் திருப்பித் தன்னைக் காய வைத்துக்கொண்டு வந்திருப்பாள். "இந்த வருஷம் உன்னைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டேன்" என்பாள். இதே கையை வெளுக்க வைக்க என் அம்மா கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளுமாகப் போராடித் தோற்ற வரலாறு அவளுக்குத் தெரியாது. புதுச்சேரியில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போன கையை, இங்கே ஒருத்தி பொறாமையோடு தடவிப் பார்க்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் சட்டைக் கையைக் கொஞ்சம் மடித்து விட்டுக்கொள்வேன்.

அதோடு விட்டால் பரவாயில்லை. அடுத்த கேள்வி ஒன்று வரும்: "நன்றாக ஓய்வெடுத்தாயா?" பிரான்ஸில் இது சும்மா கேட்கிற கேள்வி அல்ல. இவர்களுக்கு வக்கான்ஸ், அதாவது விடுமுறை, ஒரு வேலை மாதிரி. ஒழுங்காக ஓய்வெடுக்காமல் திரும்பி வந்தவளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நானோ கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷமாக, ஒவ்வொரு ஆகஸ்ட்டும் முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவள். அங்கே இறங்கிய மறுநாளே நேர்த்திக்கடன், அதற்கு மறுநாள் வளைகாப்பு, பிறகு வீராம்பட்டினம் தேர், பிறகு துக்கம் விசாரிக்கப் பாக்கியிருக்கும் மூன்று வீடுகள். எந்த வீட்டிலும் காப்பி குடிக்காமல் எழுந்து வர முடியாது. திரும்பி வரும்போது விமானத்தில் உட்கார்ந்ததும் வருகிற தூக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்கு விடுமுறை.

இதை மிரேயிடம் ஒருமுறை விளக்கப் போய் வேறு மாதிரி ஆகிவிட்டது. கடலுக்குப் பக்கத்தில் வீடு, எனக்கென்று தனி அறை, என்னை ஒரு டம்ளர்கூடக் கழுவ விடமாட்டார்கள், வேளாவேளைக்கு மீன் குழம்பு என்று சொன்னேன். அவள் கண்கள் விரிந்தன. "சமையலுக்கு ஆள் இருக்கிறாரா?" என்றாள். "அண்ணி இருக்கிறார்" என்றேன். அன்றிலிருந்து எனக்கு இந்தியக் கடற்கரையில் பங்களா இருப்பதாக ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. பல் டாக்டர்கூட என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். அப்புறம் ஒருநாள் நான் மேசை மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போனதைப் பார்த்த பிறகுதான் மிரேய் முடிவாகச் சொன்னாள்: "உனக்குத் தேவை ஒரு கிரேக்கத் தீவு."

"அங்கே என்ன செய்வது?" என்றேன்.

"ஒன்றும் செய்யக்கூடாது."

"சரி, அதற்கப்புறம்?"

அவள் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

என் கணவர் ஜெயராமனுக்கு எந்தத் தீவாக இருந்தாலும் சம்மதம், சோறு கிடைத்தால் போதும். மகள் நிலாவுக்குப் பதினேழு வயது. கிரேக்கம் என்றதும் அப்போதே நீச்சலுடை எடுத்து வைத்துவிட்டாள். சிக்கல் எனக்கு மட்டும்தான். அடுத்த ஆகஸ்ட்டில் வரப்போவதில்லை என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வது? அம்மா அப்பா போன பிறகு எனக்கு ஊர் என்றால் அண்ணன்தான். அப்பா மில் தொழிலாளி. அவர் கட்டிய சின்ன வீட்டில் முன்னறையை அண்ணன் எனக்கென்றே ஒதுக்கி, ஏசி மாட்டி, வெள்ளைக்காரக் கக்கூஸும் கட்டி வைத்திருக்கிறார். அதற்கு வீட்டில் 'பிரான்ஸ் ரூம்' என்று பெயர். நாங்கள் கிளம்பியதும் பூட்டினால் அடுத்த ஆகஸ்ட்டில்தான் திறப்பார்கள். ஒரு வருஷம் போகாவிட்டால் அவர் மனசு உடைந்துவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். போன ஆகஸ்ட்டில் நேரில் சொல்லிவிடலாம் என்று போனவள், விஷயத்தை மடியில் கட்டிக்கொண்டு தேருக்கும் வளைகாப்புக்கும் போய்வந்துகொண்டிருந்தேன்.

நிலாதான் போட்டு உடைத்தாள். மதியச் சாப்பாட்டின்போது, தன் அரைகுறைத் தமிழில், "மாமா, அடுத்த வருஷம் நாங்க வரல. கிரேக்கத் தீவுக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு வறுத்த மீன் கேட்டாள். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அண்ணன் வாயிலிருந்த முள்ளை நிதானமாக எடுத்து ஓரமாக வைத்தார்.

"எந்தத் தீவு?" என்றார்.

"இன்னும் முடிவு பண்ணலண்ணா."

"முடிவு பண்ணாம எப்படிப் போவ? இரு, நான் பாக்கறேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடியை எடுக்கப் போய்விட்டார்.

என் அண்ணன் குமரேசன் மின்துறையில் வேலை பார்ப்பவர். எதையும் விசாரிக்காமல் செய்யமாட்டார். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்படித்தான். ஜெயராமனின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். குடும்பமே பிரெஞ்சு நேஷனாலிட்டி. எங்கள் சொந்தத்தில் எல்லோரும் அந்த இடத்திலேயே சரி என்றார்கள். அண்ணன் மட்டும் ஒரு வாரம் லீவு போட்டு, மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் போய்த் தவம் கிடந்தார். டீக்கடை, ரேஷன் கடை, இஸ்திரி வண்டி ஒன்றையும் விடவில்லை. "சட்டைல சிகரெட்டு சுட்ட ஓட்ட ஒண்ணுகூட இல்லியாம். இஸ்திரிக்காரரு சொன்னாரு" என்று வந்து அறிவித்த பிறகுதான் எனக்குத் தட்டு மாற்றினார்கள். அந்தச் சான்றிதழை நம்பித்தான் நான் பாரிஸுக்கு விமானம் ஏறினேன். பொய் சொல்லக்கூடாது, இன்றுவரை ஓட்டை இல்லை.

இப்போது அதே மனிதர் நிலாவின் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏஜியன் கடலுக்கு மாப்பிள்ளை பார்க்க உட்கார்ந்தார். வெள்ளை வீடும் நீலக் கூரையுமாக உலகமே போகிற சான்டோரினியை நிலா காட்டினாள். "எரிமல வெடிச்ச எடமாமே, அங்கயா பொம்பளப் புள்ளைய வெச்சிக்கினு போவ?" என்று முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார். மிகொனோஸில் ராத்திரி முழுக்கக் கூத்தாம், ஓய்வுக்கு ஆகாது. ஒரு தீவில் நானூறு படி ஏறணும், இல்லாவிட்டால் கழுதை மேல் போகணும், பாப்பாவுக்கு முட்டிவலி. அண்ணனுக்கு இன்னமும் நான்தான் பாப்பா. கிரீட்டைப் பார்த்துவிட்டு, "இதுவா தீவு? விழுப்புரம் கடலூரு ரெண்டையும் தூக்கி உள்ள போடலாம் போலக்கீதே" என்றார். நடுவில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கும் தன் சிநேகிதருக்குப் போன் போட்டு, மேற்கே அந்தக் கடலில் என்ன மீன் வரும் என்று கேட்டார். அவர் மத்தி கட்டாயம் இருக்கும், வஞ்சிரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றார். ஜெயராமன் முகம் வாடியது.

கடைசியில் இக்காரியா என்ற பெயரில் போய் நின்றார். கூட்டம் அதிகம் போகாத தீவு. அங்கே மனிதர்கள் நீண்ட ஆயுளோடு இருப்பதாக எங்கோ படித்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சம்பந்தம் பேசும்போது அவர் கேட்கிற முதல் கேள்வியே குடும்பத்தில் ஆயுசு எப்படி என்பதுதான். இருந்தாலும் விசாரிக்காமல் முடிக்க முடியுமா? அங்கே நமக்குத் தெரிந்த இஸ்திரிக்காரர் யாரும் இல்லை. எனவே அறை வாடகைக்கு விடும் எலெனி என்ற அம்மாளுக்கே நேராகப் போன் போட்டுவிட்டார்.

தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும் என்று தன் ஆபீஸ் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அந்த அம்மாள், கடல் எதிரிலேயே இருக்கிறது, இருபத்து நாலு மணி நேரமும் வரும் என்று பதில் சொன்னாள். வீடு சொந்தமா வாடகையா, வீட்டுக்காரர் என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று இவர் அடுக்கினார். எனக்கு மானம் போனது. பிரான்ஸில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. ஆனால் எலெனி கோபித்துக்கொள்வதற்குப் பதில் உற்சாகமாகிவிட்டாள். கணவருக்குத் தேனீ வளர்ப்பு, மகன்கள் ஏதென்ஸில், மாமியார் தொண்ணூறு தாண்டியும் தோட்டத்தில் களை பிடுங்குகிறார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பதிலுக்கு அண்ணனின் குடும்பத்தையும் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். "மை சிஸ்டர், ஒன்லி ரெஸ்ட். நோ வொர்க். ப்ளீஸ் அட்ஜஸ்ட்" என்று அண்ணன் முடித்தார். போனை வைத்துவிட்டு, "சக்கர இல்ல, பிரஷர் இல்ல. நல்ல குடும்பம், பாப்பா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தைக்காவது, "ஏன் வரல?" என்று கேட்கக்கூடாதா? மனசு உடையும் என்று நான் நினைத்த மனிதர், என் பெட்டியை அவரே கட்டிக் கொடுத்துவிடுவார் போலிருந்தார். சாயங்காலம் சமையலறைக்குப் போய் அண்ணியிடம் கேட்டேன். லதா அண்ணி கல்யாணமான புதிதில் என்னை 'வா, போ' என்றுதான் பேசுவார். நான் பிரான்ஸுக்குப் போன பிறகு எப்போதோ அது 'வாங்க, போங்க' ஆகிவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க செல்வி" என்றார் அடுப்பைப் பார்த்தபடியே. "அவரு காச்சல்னாகூட லீவு போடமாட்டாரு. மாத்தரையப் போட்டுக்கினு போயிடுவாரு. அல்லாத்தையும் நீங்க வர்ற மாசத்துக்குன்னு சேத்து வெச்சிக்கினு இருப்பாரு. நாங்க மூணு பேரும் சேந்து ஒரு ஊரு போனதில்ல. காவியா ஊட்டி ஊட்டின்னு கேட்டுக்கினு இருந்தா. இப்ப கேக்கறதையே வுட்டுட்டா."

காவியா அண்ணனின் ஒரே மகள், அப்போது பதினோராம் வகுப்பு. கூடத்தில் டிவிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து படிப்பாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அண்ணனுக்காக நான் என் ஓய்வைத் தியாகம் செய்வதாக நினைத்து ஆகஸ்ட் தோறும் ஓடி ஓடி வந்திருக்கிறேன். அந்த மனிதரோ எனக்காகத் தன் ஓய்வைத் தியாகம் செய்துகொண்டு என்னை வாசலில் வரவேற்றிருக்கிறார். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு களைத்துப்போயிருக்கிறோம். பிறகு அந்தக் கோபமும் போய் அழுகை வந்தது. வெங்காயத்தை எடுத்து நறுக்கலாம் என்று கையை நீட்டினேன். "ஐயோ, நீங்க போயி ஏசில உக்காருங்க" என்று அண்ணி வெங்காயத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்பும்போது காரின் கதவைச் சாத்திவிட்டு அண்ணன் ஜன்னல் வழியாகக் குனிந்தார். "அடுத்த வருஷம் வரலன்னா பரவால்ல. அதுக்கடுத்த வருஷம் வந்துடு" என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

இந்த மே மாதம் அவர்கள் மூவரும் ஊட்டிக்குப் போனார்கள். குரங்குத் தொப்பியோடு அண்ணன் படகில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. ஆகஸ்ட்டில் நாங்கள் இக்காரியாவுக்குப் போய் இறங்கினோம். ஊர் அண்ணன் சொன்னபடியே இருந்தது. காற்று, ஆடுகள், கடல். காலையில் கடை பூட்டியிருந்தது. எப்போது திறப்பார்கள் என்று எலெனியைக் கேட்டேன். "திறக்கும்போது திறப்பார்" என்றாள். ஜெயராமன் புளி போடாத மத்தி மீனுக்கும் ரொட்டிக்கும் பழகிக்கொண்டார். நிலா தண்ணீரை விட்டு ஏறவே இல்லை. நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் இருக்க முயன்றேன். படுக்கையைச் சரி செய்யப் போனால் எலெனி ஓடி வந்து தடுப்பாள். தட்டைக் கழுவப் போனால் கையைப் பிடித்துக்கொள்வாள். "நோ வொர்க். பிரதர் டோல்ட்" என்பாள். அண்ணனுடைய கை அவ்வளவு தூரம் நீளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணன் கூப்பிட்டார். சாப்பாடு, காற்று, எலெனியின் மாமியார் எல்லோரையும் விசாரித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் இருமினார்.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. காவியாவுக்கு இந்த வருஷம் பப்ளிக் எக்ஸாம். கூடத்துல சத்தமாக்கீது. அந்த பிரான்ஸ் ரூம்ல உக்காந்து படிக்கட்டுமான்னு கேக்குறா. எக்ஸாம் வரிக்கும்தான்."

"இதெல்லாம் என்னைக் கேக்கணுமாண்ணா? அவ ரூமு அது. படிக்கட்டும்" என்றேன். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை, அதில் எனக்குப் பெருமைதான்.

"உன் துணியெல்லாம் பொட்டில கட்டிப் பரண்ல வெக்கச் சொல்றேன். பத்ரமா இருக்கும்" என்றார். அவர் குரலில் அப்படியொரு நிம்மதி.

போனை வைத்த பிறகு அந்த வாடகை அறையின் கட்டிலில் உட்கார்ந்தேன். காவியா அங்கே இருப்பதுதான் நியாயம், அது இவ்வளவு நாள் தள்ளிப்போனதே தவறு, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் முத்தியால்பேட்டையில் எனக்கிருந்த இடம் பரணுக்குப் போய்விட்டது என்று மனசு அரற்றியது. இனி நான் அங்கே போனால் பாயைப் போட்டுக் கூடத்தில் படுக்கலாம். அப்படிப் படுக்க அண்ணி விடமாட்டார். நான் உறங்க, அந்தக் குழந்தையை எழுப்பி வெளியே அனுப்புவார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். எலெனி வாசலில் உட்கார்ந்து ஒரு கூடை பீன்ஸை நாரெடுத்து ஒடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கைப்பிடி எடுத்தேன். "நோ, நோ. பிரதர்" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். இவ்வளவு விசாரிக்கிற பெண்பிள்ளை அந்த ஒரு நேரத்தில் எதையும் விசாரிக்கவில்லை. கூடையை இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். பிரான்ஸில் என் அடுக்குமாடி வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் இருபது வருஷமாக என்னை யாரும் ஒரு காய் நறுக்க விட்டதில்லை. அவள் கிரேக்கத்தில் ஏதோ முணுமுணுத்துப் பாட, நான் கூடை காலியாகும்வரை ஒடித்தேன். அந்த விடுமுறையில் எனக்கு ஓய்வாக இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.