மிஸ் பரமேஸ்வரியும் நாற்பத்தொன்பது துண்டுகளும்

யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, நெஞ்சில் கைவைத்து இந்தக் கதையைத் தொடங்குகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து போன் வந்தது. "அங்கிள், மிஸ் பரமேஸ்வரி தவறிட்டாங்க." பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மிருகங்களின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்த மிஸ்ஸை அங்குள்ள ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் அவர் வீட்டுக்குப் பால் ஊற்றியவன். கிள்ளானிலிருந்து என் மோட்டார் சைக்கிள் வரும் சத்தத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டரே பச்சைக் கொடி காட்டுவார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அத்தான் இறந்த பிறகு, என் அக்கா செல்லம்மா ஒரு தாய் எருமையையும் அதன் மகளையும் நம்பித்தான் பிள்ளைகளை வளர்த்தாள். தாய் ராணி, சுருண்ட கொம்புள்ள வடநாட்டுப் பால் எருமை. வயதாகிப் பால் வற்றிக்கொண்டிருந்தது. மகள் பவுனு கன்று போட்டால்தான் இனிப் பிழைப்பு. ஆனால் பவுனுவின் தகப்பன், ஜெஞ்சாரோம் பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, வயல் எருமை. கொம்பு ஒவ்வொன்றும் தென்னைமர நீளம். லங்காட் ஆற்றை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காய்ந்த மணலில் நடந்து வந்து எங்கள் வேலியை முறித்த மாப்பிள்ளை.

பவுனு பருவத்துக்கு வந்தும் சினை பிடிக்கவில்லை. மாட்டு வியாபாரி ஒருவன் அக்காவின் காதில் போட்டான்: "ரெண்டு ஜாதி கலந்தது கோவேறு கழுதை மாதிரிக்கா. மலடு. கறிக்குக் கொடுத்துடு லா. வெள்ளிக்கிழமை லோரி கொண்டு வரேன்." அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மிஸ்ஸிடம் சொன்னேன். மறுநாளே வந்தார். மிருகங்களையே படித்தவருக்கு எருமை என்றால் நடுக்கம். நான் கொம்பைப் பிடிக்க, மிருக வைத்தியர் பவுனுவின் கழுத்தில் இரத்தம் எடுக்க, மிஸ் வேலிக்கு வெளியே குடை பிடித்து நின்றார்.

வியாழன் மாலை அக்காவையும் என்னையும் வீட்டுக்கு வரச்சொன்னார். பவுனுவின் இரத்தச் செல்லுக்குள் இருப்பதைப் பெரிதாக்கி எடுத்த படம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. சின்னக் கத்தரிக்கோலால் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வெட்டி, நீளம் பார்த்து ஜோடி ஜோடியாக அடுக்குவது அவர் வேலை முறை. அடுக்கினார். எண்ணினார். நாற்பத்தொன்பது.

அக்கா நிமிர்ந்து மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தாள். "ஒண்ணு பறந்துடுச்சு மிஸ்! ஜோடி இல்லாம எப்படி? டேய், குனிஞ்சு தேடுடா!"

மேசைக்கடியில் புகுந்தேன். யாரோ தொலைத்த பல்செட்டு, என் தொலைந்துபோன வாலிபம் எல்லாம் கிடைத்தன. துண்டு கிடைக்கவில்லை.

மிஸ் காற்றாடியை நிறுத்திவிட்டு இன்னொரு படத்தை வெட்டினார். அதிலும் நாற்பத்தொன்பது.

"ஒண்டும் தொலையேல்லை, செல்லம்மா. ராணியின்ர ஆக்களுக்கு ஐம்பது. கம்பத்து எருமைக்கு நாற்பத்தெட்டு. எந்தக் காலத்திலயோ அதுகளின்ர முன்னோருக்குள்ள ரெண்டு துண்டு ஒண்டா ஒட்டிப்போச்சு. ரெண்டு ரயில் பெட்டியைச் சேத்து ஒரு நீளப் பெட்டியாக் கட்டின மாதிரி. உள்ளே இருக்கிற சாமான் அப்பிடியேதான். இந்த நீளத் துண்டு தகப்பன்ர. இந்தச் சின்னன் ரெண்டும் தாயின்ர. கருமுட்டை உண்டாகேக்க மூண்டும் ஒண்டையொண்டு அடையாளம் கண்டு சேரும். ஒட்டி, உடைஞ்சு, புரண்டுதான் மிருகங்கள் வேற வேறயாப் பிரியுதுகள். குதிரைக்கும் கழுதைக்கும் இடையில இதைவிட எவ்வளவோ மாறிப்போச்சு, அதாலதான் கோவேறு கழுதை மலடு."

"அதெல்லாம் சரி மிஸ். கன்னு போடுமா?"

"போடும் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களா?"

"தெரியும் எண்டு சொன்னா அது பொய்."

"அது போதும் மிஸ்" என்றாள் அக்கா. மறுநாள் லோரியைத் திருப்பி அனுப்பினாள்.

பிறகுதான் பயம் எங்கள் வீட்டில் குடியேறியது. ராணியின் பால் நின்றது. அக்கா வீடு வீடாகத் துணி துவைக்கப் போனாள். ஞாயிறுதோறும் மிஸ் பஸ் ஏறி வந்து, வேலிக்கு வெளியே நின்று, "ஏதும் தெரியுதோ, தம்பி?" என்பார். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் புல்லுக்கட்டைப் பிரிப்பேன். கடைசியில் பவுனு சினை பிடித்தது. பயம் போகவில்லை, சினை தங்குமா என்று மாறியது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு காலை, மழைவிட்ட நேரம், கன்றின் முன்னங்கால் தெரிந்தது. அதற்குமேல் வரவில்லை. அக்கா பிடித்து இழுத்தாள், நானும் இழுத்தேன். வெளியே விழுந்த கன்று அசையாமல் கிடந்தது. அக்கா வைக்கோலால் அதன் மூக்கைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தாள். திடீரென்று ஒரு தும்மல். போர்ட் கிள்ளானில் நின்ற கப்பல்களெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

இப்போது யாராவது என்னிடம் எதைக் கேட்டாலும் "நினைக்கிறேன்" என்கிறேன். அளந்தே பழகிய இந்த வாய்க்கு மிஸ் விட்டுப்போன சொல் அது. வைத்திருக்கிறேன்.

மற்றதில் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் கன்று தும்மிய அந்தக் காலையில் மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு வேலிக்குள் வந்தார். பவுனுவின் காலடியிலேயே, சேற்றில், அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "இவ்வளவு நாளும் நான் நித்திரை கொள்ளேல்லை, செல்லம்மா" என்று சொல்லி அழுதார். அந்தச் சின்னத் துளி மட்டும் உண்மை.