தலைவர் திருப்பிக் கொடுக்காத சாவி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசம் தயங்கினேன். விளக்கேற்றும்போதெல்லாம் அம்மனிடம் கேட்பேன். பதில் வந்ததில்லை. மழை இறங்கினால் மட்டும் எனக்குப் பின்னால் அவர் செருமுகிற சத்தம் கேட்கிறது. அந்த மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

பெரகல பக்கத்தில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் தொழிற்சங்கத் தலைவர். நான் அதே சங்கத்தில் மாதர் தலைவி. அவரோடு வேலை செய்வது லேசில்லை. கோயிலில் திருநீறு நீட்டினாலும் முறைத்துக்கொண்டுதான் வாங்குவார். கூட்டத்தில் நான் பேசி உட்கார்ந்தால், "முடிச்சிட்டியா? இனி விசயத்துக்கு வருவோம்" என்பார்.

ஒரு வருசம் விடாமல் பெய்த மழையில், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த கீழ் லயத்துக்கு மேலே மலை வெடித்திருந்தது. வெடிப்புக்குள் என் கை முழுசாகப் போனது. தோட்டத்தை நடத்துகிற துரையின் ஆபீசுக்குப் போனோம். லயத்துச் சனம் எதிர் மேட்டில் பூட்டிக் கிடக்கிற பழைய தேயிலை ஸ்டோரில் தங்க வேண்டும், அதன் சாவி வேண்டும் என்று தலைவர் கேட்டார். துரையோ, கூரைக்குப் புதுத் தகரம் தருகிறேன், தண்ணீர் ஓடக் கான் வெட்ட ஆளும் தருகிறேன் என்றார். ஒழுகுகிற வீட்டில் பிள்ளைகளோடு கிடந்த எனக்கு அதுவே பெரிசாகப் பட்டது.

"அண்ணே, குடுக்கிறத வாங்கிக்குவோம்" என்று முணுமுணுத்தேன்.

"தகரத்த வாங்கினா சாவி வராது. சும்மா இரு புள்ள."

அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். துரை என்ன சொன்னாலும், சுவரில் தொங்கிய சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசிப் பேசிக் களைத்த துரை, கடைசியில் எழுந்து அதைக் கழற்றிக் கொடுத்தார்.

நாங்கள் ஸ்டோருக்கு ஏறினோம். பிறகு மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. துரையே நேரில் வந்தார்.

"தலைவர், வெயில் வந்தாச்சு. சாவிய குடுங்க."

"வெயிலு மேலதான் வந்திருக்கு தொர. மண்ணுக்குள்ள வந்திருச்சா?"

சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு, கீழே இறங்கும் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். கோழியைப் பார்க்கணும், அடுப்பு மூட்டணும் என்று இறங்கியவரையெல்லாம் ஏசித் திருப்பினார்.

"ஒனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று ஒருவன் கத்தினான்.

"ஆமாடா, கடிப்பேன். மேல ஏறு."

அந்த வெயிலிலேயே மண் சரிந்து வந்தது. லயம் இருந்த இடம் தெரியவில்லை. ஆள் ஒருத்தருக்கும் சேதமில்லை. அன்றைக்கும் யாரும் அவரைக் கையெடுத்துக் கும்பிடவில்லை. "சாமி படத்தக்கூட எடுக்க விடலியே, பாவி" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அவர் செருமிவிட்டு அப்பால் போனார்.

நெஞ்சு நோயில் அவர் போன பிறகு, அவர் சம்சாரம் சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "தொரகிட்ட குடுத்திராதன்னு சொல்லச் சொன்னாரு." அது என் சாமித் தட்டில் இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும்போது அந்த மண்மேட்டைத் தாண்ட வேண்டும். நான் ஆசைப்பட்ட புதுத் தகரம் அடியில் நெளிகிற மாதிரியும், அதற்குக் கீழே என் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுகிற மாதிரியும் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடப்பேன்.

அம்மன் கனவில் வந்து அவருக்குச் சொன்னாள் என்று இப்போது தோட்டத்தில் பேசுகிறார்கள். நானும் அம்மனை நம்பி வாழ்கிறவள்தான். ஆனால் அவர் கனவு கண்டேன் என்று சொன்னதேயில்லை. சாவி கேட்டார், வாங்கினார், கொடுக்க மாட்டேன் என்றார். இதை யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அவரை நல்லவராக்க வேண்டாம். எங்களை ஏசினதையும் சேர்த்தே சொல்லுங்கள்.