வேறொன்று காலியாக இருக்கிறதா?

தரகர் குழாயைத் திறந்துவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் முதலில் இருமுகிறது, பிறகு ஒழுங்காக விழுகிறது. மூடிவிட்டுப் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்க்கிறார். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்கிறார். கடைசியில், வீடு பார்க்க வந்தவர்களைக் கூடத்தின் நடுவில் நிறுத்திவைத்துக் குரலைத் தாழ்த்துகிறார். "இப்ப ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்க. இந்த வீட்டுல யார் சத்தம் கேக்குது, சொல்லுங்க."

அவருடைய பிழைப்பு அந்த ஒரு நிமிடத்தில்தான் நடக்கிறது. கண்ணை மூடுகிறவர்களில் சிலருக்கு இன்னும் பிறக்காத பிள்ளை ஓடுகிற சத்தம் கேட்கும். பேச்சு வார்த்தை குறைந்துபோன தம்பதிகளுக்கு, ஒருவர் மற்றவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்கும். கண்ணைத் திறந்த பிறகு யாரும் உரக்கப் பேசமாட்டார்கள், ஆலயத்துக்குள் வந்தவர்களைப் போலக் கிசுகிசுப்பார்கள். ஒருவர் சுவரைத் தடவிப் பார்ப்பார். தடவிவிட்டால் வியாபாரம் படிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஐம்பதைத் தாண்டிய வீட்டுத் தரகர். ஒல்லி. நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத வேகம். இடுப்பில் காலி வீட்டுச் சாவிகள் கொத்தாகத் தொங்கும். ஞாயிறு ஆராதனையில் அவர் முழங்காலிடும்போது அந்தக் கொத்து ஒரு குலுங்கு குலுங்கும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அவருக்குக் 'கிலுகிலு மாமா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அவர் சாவிக்காரர். "ஆண்டவர் சந்நிதியிலயாவது அதைக் கழட்டி வைக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டால், "திடீர்னு யாராவது கேட்டா?" என்பார். ஆராதனைக்கு நடுவில் எழுந்து வீடு கேட்டவர் இதுவரை யாரும் இல்லை.

மற்றவர்களுக்குப் போடுகிற தூண்டிலில் தானே மாட்டிக்கொள்வதுதான் அவருடைய தொல்லை. எங்கோ ஒரு வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, சமையலறைத் தரையில் விழுகிற வெயிலோ, மாடிப்படி திரும்புகிற விதமோ அவர் நெஞ்சைப் பிடித்து இழுக்கும். வந்தவர்களை அவசரமாக அனுப்பிவிட்டுத் திரும்ப உள்ளே போய் நிற்பார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. "ஒரு வீடு பாத்தேன்..." என்று ஆரம்பிப்பார். கல்யாணமான நாளிலிருந்து எட்டு வீடு மாறியாயிற்று. ஒவ்வொன்றிலும் முதல் வாரம் அவரைப் பார்க்க வேண்டும்! சவரம் செய்துகொண்டே ஞானப்பாட்டு பாடுவார். மூன்றாம் மாதம் பாட்டு நின்றுவிடும். ஜன்னல் கொஞ்சம் இடப்பக்கம் இருந்திருக்கலாம் என்று தோன்றும். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவருக்குத் தூக்கம் கிடையாது.

இதற்கு வேதத்திலிருந்தே நியாயமும் வைத்திருந்தார். "நாம எல்லாரும் இந்த உலகத்துல தங்கிட்டுப் போற பரதேசிங்கதானே? ஆபிரகாமே கடைசிவரைக்கும் கூடாரத்துலதான் இருந்தாரு."

மனைவி பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. "ஆபிரகாமுக்கு கேஸ் கனெக்‌ஷன் மாத்துற வேலை இல்ல. கூடாரத்தை யாரு மடிச்சாங்கன்னு அவரு பொண்டாட்டி சாராளைக் கேட்டாத்தான் தெரியும்."

அவள் ஆஸ்பத்திரியில், எலும்பு முறிந்து தேறியவர்களுக்கு நடைப்பயிற்சி தருகிறவள். எதையும் அவசரப்படுத்தமாட்டாள். "எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் நடக்கணும்னுதான் துடிப்பாங்க. முதல்ல நிக்கத்தான் சொல்லிக்கொடுப்பேன்" என்பாள். அது யாரைப் பார்த்துச் சொல்வது என்று அவருக்கும் தெரியும்.

சபையின் போதகர் அவரைவிட இருபது வயது இளையவர். ஒரு ஞாயிறு ஆசையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆசை பாவமல்ல, நம்மைப் படைத்தவரே அதை நமக்குள் வைத்தார். ஆனால் அவர் ஒருவர் மட்டுமே தாங்கக்கூடிய பாரத்தை நாம் பதவியின் மேலும், பிள்ளைகளின் மேலும், வீட்டின் மேலும் ஏற்றிவிடுகிறோம், அது விரிசல் விடுகிறது என்றார். சாவிக்காரர் வாசலில் போதகரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ஐயா, சரியாச் சொன்னீங்க. எந்தச் சுவர் பாரம் தாங்கும், எது வெறும் தடுப்புன்னு தட்டிப் பாத்தே சொல்லிடுவேன் நான். தடுப்புச் சுவர் மேல தளம் போட்டா என்ன ஆகும்? அதேதான்!" கண் கலங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது வீட்டைப் பார்த்துவிட்டார்.

உயரமான கட்டிடத்தின் கடைசி மாடி. கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அவர் போன நேரத்தில் வெயில் தரையெல்லாம் பரவிக் கிடந்தது. வீட்டுக்காரரிடம் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டுச் சாவியோடு வந்தார்.

மனைவி சாவியைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சாவதானமாகச் சொன்னாள்: "மூட்டை கட்டறதுன்னா தாராளமாக் கட்டுங்க. அதுல என்னை மட்டும் சேக்காதீங்க. நான் வரல."

"வந்து ஒரு தடவை பாரேன். பாத்தா நீயே..."

"எட்டு தடவை பாத்தாச்சு. வீட்டை இல்ல, உங்க மூஞ்சியை. முதல் நாள் அது எப்படி இருக்கும், நூறாம் நாள் எப்படி இருக்கும்னு எனக்கு மனப்பாடம்."

வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்கு அவர் போன் செய்தார், அம்மாவிடம் எடுத்துச் சொல்வாள் என்று நினைத்து. "அப்பா, இங்க எல்லாரும் வீட்டு ஞாபகம் வந்து அழுவாங்க. எனக்கும் வரும். ஆனா எந்த வீட்டை நினைச்சு அழறதுன்னு தெரியாம முழிப்பேன். அம்மா இருக்கற இடத்தை நினைச்சுக்குவேன்." அந்த நினைப்பில் அப்பா வரவில்லை. மகள் வேண்டுமென்றே விடவும் இல்லை, தானாகவே விட்டுப்போயிற்று. அதுதான் அவரைக் குத்தியது.

ஆனாலும் சனிக்கிழமை காலை மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குத் தனியாகப் போனார். ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்துவிட்டால் மனம் அடங்கிவிடும், அடங்கின முகத்தோடு போய் நின்றால் அவளும் வந்துவிடுவாள் என்று கணக்கு. கூடத்தில் வெயிலுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சொர்க்கமாக இருந்தது. தன் வித்தையைத் தனக்கே காட்டினார். கண்ணை மூடி, யார் சத்தம் கேட்கிறது என்று பார்த்தார். லிப்ட் ஏறி இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெயில் நகர்ந்தது. நாற்காலியை நகர்த்திப் போட்டார். மறுபடி நகர்ந்தது. கூடத்திலிருந்து சமையலறை, அங்கிருந்து நடை, நடையிலிருந்து சின்ன அறை. மத்தியானம் சாய்ந்தபோது குளியலறை வாசலில், கையகல வெளிச்சத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். அதுவும் போனது. எழுந்து பால்கனிக்கு வந்தார். எதிர்க் கட்டிடத்தின் மாடி முழுக்கப் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. 'அந்தப் பக்கம் ஏதாவது காலியா இருக்குமோ?'

நினைத்த மாத்திரத்தில் தன்னையே பிடித்துக்கொண்டார். வாய்விட்டுச் சிரித்தார். காலி வீட்டில் அந்தச் சிரிப்பு சுவரில் மோதித் திரும்பி வந்தது. 'பரலோகத்துக்குப் போனாலும் விடமாட்டேனோ? ஆண்டவர் கதவைத் திறந்து இதுதாண்டா உன் இடம்னு காட்டும்போது, இதுக்குப் பக்கத்துல வேறொண்ணு காலியா இருக்கான்னு கேட்டுடுவேனோ?'

நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டார். சாவிக்கொத்து குலுங்கி அடங்கியது. அவர் ஜெபத்துக்கு எப்போதும் ஒரு முகவரி உண்டு: ஆண்டவரே, அந்தத் தெருவில் அந்த வீட்டைத் தாரும். இன்றைக்கு "ஆண்டவரே" வரைதான் வந்தது. எதைக் கேட்பது? ஆசை மட்டும் அப்படியே இருந்தது, கொதிக்கிற பாலைப் போல. ஊற்றப் பாத்திரம் தெரியவில்லை. "வேணும்" என்றார். என்ன வேணும் என்று சொல்லத் தெரியாமல் மறுபடியும், "வேணும் ஆண்டவரே" என்றார். அவருக்கு நிம்மதி எதுவும் வந்துவிடவில்லை. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தவிப்பை எங்கும் கொண்டுபோய் இறக்கிவைக்காமல், முழங்கால் மரத்துப்போகிறவரை அங்கேயே இருந்தார்.

சாயங்காலம் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்து, முகத்துக்கு நேரே வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார். மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வீடு எப்படி?"

"நல்ல வீடு."

"அப்புறம் என்ன?"

"போதல. எனக்கு வேண்டியது வீடு இல்ல போல."

அவள் உரிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "இதைக் கண்டுபிடிக்க எட்டு வீடு! ஒவ்வொண்ணுலயும் பரண் தூசி தட்டினவ நான்."

"மன்னிச்சுக்கோ" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் என்ன செய்வதென்று தெரியாமல் பட்டாணியில் பாதியை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

அதே எட்டாவது வீட்டில் இது நான்காவது வருடம். அவர் திருந்திவிட்டார் என்று சபையில் பேச்சு. மனைவி அதை நம்புவதில்லை. தரகு நடந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணை மூடச் சொல்கிற வித்தையை மட்டும் விட்டுவிட்டார். கேட்டால், "அவங்க பாட்டுக்குப் பாக்கட்டும்" என்கிறார். சில சாயங்காலங்களில் சாப்பாட்டுக்கு நடுவிலேயே அவருக்கு அந்தத் தவிப்பு வந்துவிடும். தட்டை அப்படியே விட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய், ஓடுகிற பேருந்தில் நிற்பவரைப் போலக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பார். உதடு மட்டும் அசையும். நேற்றும் அப்படித்தான் நின்றார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் கைக்குப் பக்கத்தில் அதே கம்பியைத் தானும் பிடித்துக்கொண்டாள்.